திருமழிசையிலிருந்து கடலுக்கு: ஒரு நாள் பயணத்தின் வரலாறு

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிற திருமழிசைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே 25 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம். தினமும் மாலையில் காலாற நடந்து போய்வரக் கட்டுப்படியாகாத தொலைவு. ஊர் விட்டு ஊர் போய் விடுதியில் தங்கும் அளவுக்குத் தொலைவும் இல்லை. அதனால் திருமழிசைக்கும், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் என மேற்கே பரவிக் கிடக்கும் மற்ற ஊர்களுக்கும் கடல் என்றால் ஒரு நாள் பயணம். காலையில் கட்டுச்சோற்றோடு புறப்பட்டு, இரவில் தூங்கிவிட்ட குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவது. அந்த ஒரு நாளில் குடும்பம் எங்கே போனது, எதைப் பார்த்தது, எதற்குக் காசு கொடுத்தது என்பது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. சென்னைக் கடற்கரை ஒரு பொழுதுபோக்கு இடமாக வளர்ந்த கதையும் அதுதான்.

இந்த உறவு நூற்றைம்பது ஆண்டுகளைவிடப் பழையது. திருமழிசையில் பிறந்த திருமழிசையாழ்வார், தம்முடைய நான்முகன் திருவந்தாதியில் திருவல்லிக்கேணிப் பெருமாளைப் பாடும்போது, அந்த ஊரைப் பேரலைகள் வந்து மோதும் மயிலைக் கரையாகவே காட்டுகிறார். அவர் பேயாழ்வாரைக் குருவாகக் கொண்டவர் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. பேயாழ்வாரோ மயிலையில் பிறந்தவர். மேற்கே ஏரிப் பாசன ஊரில் பிறந்த ஒருவர் கிழக்கே கடலோரக் கோயிலைத் தேடி வந்த தடம் அந்தப் பாசுரத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் கடலுக்கு வந்ததும் முதலில் கோயிலை முன்னிட்டுத்தான். மாசி மகத்தன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதிப் பெருமாளும் சுற்றுவட்டாரக் கோயில் மூர்த்திகளும் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பார்கள். சுவாமியின் பின்னால் ஊரும் கடலில் இறங்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருவோர் உண்டு. வளையல் கடையும் பலகாரக் கடையும் மணலில் முளைத்தது இந்தக் கூட்டத்தை நம்பித்தான். வெறுமனே காற்று வாங்குவதற்காகக் கடற்கரைக்குப் போகும் வழக்கம் பின்னால் வந்தது.

அப்படிப் போவதற்கு வேண்டிய மணலே பழைய சென்னையில் அவ்வளவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல் இன்றைய காமராசர் சாலைக்கு மிக அருகில் இருந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் நிலைமை மாறியது. இந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பி வருவது அதைவிடக் குறைவு. வடக்கே போன மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. மறிக்கப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே ஆண்டுக்கு ஆண்டு குவிந்து அகன்ற கடற்கரையானது. அதற்கு விலை கொடுத்தவை வடசென்னையின் மீனவக் குப்பங்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்து, வீடுகளையும் தெருக்களையும் கொண்டுபோயிற்று. இன்றும் அங்கே கருங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். மெரினாவின் அழகைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேசவேண்டும்.

குவிந்த மணலின் ஓரமாக நடைபாதை போட்டு, 1884இல் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தவர் ஆளுநர் கிராண்ட் டஃப். இத்தாலியின் சிசிலித் தீவில் தாம் பார்த்த கடலோரத்தின் நினைவில் வைத்த பெயர் அது. நடைபாதை முதலில் வெள்ளைக்கார அதிகாரிகளும் நகரத்துப் பெரிய மனிதர்களும் மாலையில் குதிரை வண்டியில் வந்து காற்று வாங்கும் இடமாக இருந்தது. எதிர்ப்புறத்தில் கட்டடக் கலைஞர் சிசம் கட்டிய மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் ஏற்கெனவே எழுந்திருந்தன. சற்றுத் தெற்கே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் நின்றது. 1897இல் விவேகானந்தர் தங்கி உரையாற்றிய அந்த வட்டக் கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் பள்ளிக் குழந்தைகள் வரிசையில் வந்து பார்க்கும் காட்சிக்கூடம்.

குடும்பங்களுக்கென்றே கடற்கரையில் அமைந்த முதல் ஈர்ப்பு 1909 அக்டோபரில் திறக்கப்பட்ட மீன் காட்சியகம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது. இந்தியாவில் இந்த வகையில் இதுவே முதலாவது. கடல் நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டிகளில் மீன்களும் கடல் பாம்புகளும் உயிரோடு நீந்துவதைக் காண மக்கள் திரண்டார்கள். அந்தக் காலச் சென்னைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பம் தவறாமல் பார்த்த வேறு இரண்டு இடங்கள், மக்கள் வாயில் செத்த காலேஜ் எனப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகமும், உயிர் காலேஜ் எனப்பட்ட, மூர் மார்க்கெட்டை அடுத்த விலங்குக் காட்சிசாலையும். விலங்குக் காட்சிசாலை வண்டலூருக்கு மாறி 1985இல் அங்கே திறக்கப்பட்டது. மீன் காட்சியகத்துக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தில் மூடப்பட்டது; பழைய பொலிவோடு திரும்பவே இல்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குக் கடலின் உட்புறத்தை முதன்முதலில் காட்டிய இடம் இப்படி மறைந்தது சென்னைக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

கடற்கரைக்குப் பாட்டு வந்த கதையும் இதே காலத்தது. 1924இல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம் நிதியின்றி நின்றுபோனபின், 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். எனவே மாநகராட்சி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. மாலையில் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்க ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. 1938இல் அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் வரும் வரை இந்த ஏற்பாடு நடந்தது. திலகர் கட்டம் என்று பெயர்பெற்ற பகுதியில் விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்ததும், ஆளுநர் போட்ட உலாப் பாதை பொதுமக்களின் மைதானமாக மாறியதும் இந்தப் பதிற்றாண்டுகளில்தான்.

விடுதலைக்குப் பின் கடற்கரையில் பார்க்க வேண்டியவை கூடிக்கொண்டே போயின. தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959இல் வந்தன. 1968 ஜனவரியில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, கம்பர், பாரதியார் என்று சிலைகள் வரிசையாக நிறுவப்பட்டன. 1969இல் அண்ணா மறைந்து கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார், 1987இல் எம்.ஜி.ஆர். மேற்குப் புறநகர்க் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்த வழியையே இந்த நினைவிடங்கள் முடிவு செய்தன எனலாம். பூந்தமல்லியிலிருந்து வடபழனி வழியாக ஓடும் 25ஜி பேருந்து வந்து நிற்பது அண்ணா சதுக்கத்தில். அங்கே இறங்கினால் முதலில் சமாதி, பிறகு மணல், அப்புறம் தண்ணீர். எம்.ஜி.ஆர். சமாதிக் கல்லில் காது வைத்து, அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது பயணத்தின் தவிர்க்கமுடியாத அங்கமாக இருந்தது. அப்படிக் காது வைத்த ஆயிரமாயிரம் பேருக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. அவரைத் தங்கள் வீட்டு மனிதராக நினைத்தவர்களின் அன்பு.

மணலில் கூடிய கடைகளின் உலகம் எந்த அரசும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. அலுமினியக் குண்டானை இடுப்பில் அணைத்துக்கொண்டு பட்டாணிச் சுண்டல் விற்ற சிறுவர்கள் பல பதிற்றாண்டுகளாக மெரினாவின் அடையாளம். காய்ந்த பட்டாணியை ஊறவைத்து வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மேலே தேங்காய்த் துருவலும் பொடியாக அரிந்த மாங்காயும் தூவிக் காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். குண்டான் காலியானால்தான் வீடு திரும்ப முடியும். மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் எண்ணெயில் பொரிய, பக்கத்திலேயே மசாலா தடவிய மீன் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கேட்டவருக்குக் கேட்ட மீனை வறுத்துத் தருவார்கள். தள்ளுவண்டியில் கரி நெருப்பில் சோளக்கதிர் வாட்டுபவர் எலுமிச்சைத் துண்டை மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தேய்த்துத் தருவார். பஞ்சுமிட்டாய்க்காரரின் மணியொலி கேட்டதும் குழந்தைகள் நடப்பதை நிறுத்திவிடுவார்கள்.

விளையாட்டுகளும் அதே அளவு எளியவை. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களைக் காற்றுத் துப்பாக்கியால் சுட, குண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. இரும்புக் கம்பியில் மரக் குதிரைகளைத் தொங்கவிட்ட குடை ராட்டினத்தையும், நான்கு பெட்டிகளோடு மேலும் கீழும் சுழலும் ரங்கராட்டினத்தையும் ஓர் ஆள் கையால் தள்ளியே சுற்றிவிடுவார். மின்சாரம் வேண்டாம், ஓர் இரவில் பிரித்து வேறு ஊர்த் திருவிழாவுக்கு ஏற்றிச் செல்லலாம். தை மகத்தில் ஆழ்வாரின் அவதார உற்சவம் நடக்கும் திருமழிசைப் பக்கத்துக் குழந்தைகளுக்கு ராட்டினம் புதிதல்ல. ராட்டினத்தின் உச்சியிலிருந்து கடல் தெரிவதுதான் புதிது. குதிரைச் சவாரி, கிளி சோதிடம், சோழி மாலை, திரைப்பட நடிகர்களின் அட்டை உருவங்களோடு நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படம் என்று மற்றவை தொடர்ந்தன. கையில் சில்லறையோடு வந்த குடும்பமும் இங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. சென்னையில் அமைந்த எல்லாப் பொழுதுபோக்கு இடங்களிலும் மெரினாவே உயர்ந்தது என்று சொல்லத் தயங்கத் தேவையில்லை. நுழைவதற்கு அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை.

யாரையும் தடுக்காத இந்தத் தன்மை முழுமையாக வெளிப்படும் நாள் காணும் பொங்கல். பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கல் முடிந்து, அதற்கடுத்த நாள் உற்றார் உறவினரைப் பார்க்கவும் வெளியே போய்வரவும் உரியது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கங்களிலிருந்து வேன்களிலும் லாரிகளிலும் வந்து இறங்கும் குடும்பங்கள் மணலில் பாய் விரிக்கும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு ஒரு பக்கம்; முந்தின நாள் வைத்த கறிக்குழம்பு இன்னொரு பக்கம். மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. கடலில் இறங்க முடியாதபடி காவல்துறை சவுக்குக் கட்டைகளால் தடுப்பு அமைக்கிறது. மெரினாவின் கரை சட்டென்று ஆழமாகிறது, அடிநீரோட்டம் வலுவானது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே அது இழுத்துப் போயிருக்கிறது. லட்சக்கணக்கானோர் கூடுமிடத்தில் குழந்தைகள் தொலைவதும் நடக்கும். அண்மைக் காலமாக, கடற்கரை நுழைவிலேயே காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். அது வருவதற்கு முன் ஒலிபெருக்கி அறிவிப்பையும் காவல் கூடாரத்தையும் மட்டுமே நம்பி அலைந்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், இந்தக் காகிதப் பட்டையின் அருமை விளங்கும்.

மெரினாவுக்குத் தெற்கே இருந்த கடற்கரை நெடுங்காலம் பயணிகள் தொடாதது. பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் 1930இல் பிறரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்து உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு வளைவு நிற்கிறது. 1970களில் வேளாங்கண்ணி மாதா ஆலயமும் அஷ்டலட்சுமி கோயிலும் எழுந்தபின் அங்கே குடும்பக் கூட்டம் பெருகியது. இன்னும் தெற்கே மாமல்லபுரத்துக்கு நல்ல சாலை இல்லாத காலத்தில், பயணிகள் இரவில் பக்கிங்காம் கால்வாயில் படகேறிக் காலையில் இறங்குவார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த மக்களின் உழைப்பால் விரிவான கால்வாய் அது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. குழந்தைகளுக்கோ அங்கே எப்போதும் பிடித்தது சரிவில் நிற்கிற வெண்ணெய் உருண்டைப் பாறையை முதுகால் முட்டி நகர்த்திப் பார்ப்பதுதான்.

நகரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட சவுக்குத் தோப்புகளில் 1960களிலிருந்து ஒவ்வொன்றாக இடங்கள் உருவாயின. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவினார்கள். அதே ஈஞ்சம்பாக்கத்தில், வானொலியும் தொலைக்காட்சியும் தவணை முறையில் விற்று நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுசேர்த்த வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தார் 1970களில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரையை அமைத்தார்கள். சிலைகள், தோட்டங்கள், பல திரைப்படப் பாடல் காட்சிகளுக்குப் பின்புலமான மண்டபங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அசையாமல் நின்ற சிலை மனிதர். வேடமிட்டு மணிக்கணக்கில் இமை கொட்டாத குறையாக நிற்கும் அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்று அறிவிப்பு. கோமாளித்தனம் செய்து பார்க்காத சிறுவர்கள் இல்லை. அந்த மனிதர் கண்முன் இத்தனை கூத்து நடந்தும் கட்டிக்காத்த பொறுமை எளிதில் வருவதல்ல. உடலை வருத்திச் செய்த தொழில் அது. சென்னைக் கடற்கரைக்கு நுழைவுச்சீட்டு என்ற ஒன்று பரவலாக வந்ததும் இந்த இடத்தோடுதான்.

காசு வாங்கினாலும் கற்றுக்கொடுத்த இடங்களும் இந்தப் பாதையில் உண்டு. கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், தம் மனைவி சாயுடன் 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன இந்திய முதலை இனங்களைப் பெருக்குவது நோக்கம். அதன் வளாகத்தில், 1978இல் உருவான இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளிடமிருந்து நஞ்சு எடுக்கிறது. மண்பானைகளில் அடைத்து வைத்த நாகத்தையும் கண்ணாடிவிரியனையும் ஒருவர் கொக்கியால் தூக்கி, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் மேல் கட்டிய தோலில் கடிக்கவைப்பார். மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகள் விழும். பாம்புக்கடி மருந்து செய்யும் நிறுவனங்களுக்குப் போவது அந்தச் சொட்டுகள்தான். செங்கல் சூளைகளும் வயல்களும் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்துக் குழந்தைக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு காட்சி கடற்கரையில் வேறில்லை.

1984இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டு உப்பங்கழியில் படகுக் குழாம் தொடங்கியது. 1996 டிசம்பரில் டெபோரா தியாகராஜன் தலைமையிலான அமைப்பு தட்சிணசித்ராவைத் திறந்தது. லாரி பேக்கர் கட்டட அமைப்புக்கு வழிகாட்டினார். இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடும் கேரளத்து மரவீடும் பிரித்துக் கொண்டுவரப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டன. கடற்கரையில் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றை மாணவர்கள் கண்டுபிடித்துத் தந்தார்கள். 1988இலிருந்து கடல் ஆமை பாதுகாப்பு மாணவர் அமைப்பினர் ஜனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைத் தோண்டியெடுத்துக் காப்பகத்தில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து மாலை வேளையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது, கயிற்றுக்கு இப்பால் குழந்தைகள் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் அடங்கும் ஆமைகள் அலையை எட்டும் வரை மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை 2000களின் தொடக்கத்தில் அகலமாகிச் சுங்கச்சாலை ஆனதும் இந்த இடங்களுக்குப் போவது எளிதாயிற்று. அதே சமயம் பயணத்தின் தன்மையும் மாறியது. பேருந்தில் வந்த குடும்பத்தைவிடக் காரில் வந்த குடும்பத்துக்கே சாலை வசதியாக அமைந்தது. மெரினாவைப் போல இறங்கியதும் கடல் என்ற நிலை இங்கே இல்லை. கடலோர நிலம் பங்களாக்களும் விடுதிகளுமாக மதில்களுக்குள் போனது. மேற்குப் புறநகருக்குப் பெரிய மாற்றம் 2014இல் வந்தது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையான வெளிவட்டச் சாலை திறக்கப்பட்டதால், திருமழிசையிலிருந்து நகருக்குள் நுழையாமலேயே வண்டலூர் போய், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தைத் தொட முடிந்தது. கோயம்பேட்டு நெரிசலைக் கடந்து மெரினாவுக்குப் போவதைவிடக் கோவளம் போவது சுலபம் என்ற நிலை பல குடும்பங்களுக்கு வந்தது.

இதற்குள் கடல் இல்லாமலேயே அலையைத் தரும் பூங்காக்கள் வந்துவிட்டிருந்தன. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம். பூங்கா வந்தது. 2003இல் குயின்ஸ்லேண்ட் பூங்கா பழஞ்சூரில், செம்பரம்பாக்கத்துக்கும் தண்டலத்துக்கும் இடையே பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், சுமார் 70 ஏக்கரில் தொடங்கியது. திருமழிசையிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆவடி, அம்பத்தூர்ப் பள்ளிகளின் ஆண்டுச் சுற்றுலாப் பேருந்துகள் அதுவரை கிழக்கே ஓடியவை. அன்றிலிருந்து மேற்கேயும் திரும்பின.

இத்தகைய பூங்காக்களில் கூட்டம் மொய்ப்பது அலைக்குளத்தில். கடற்கரைபோல ஒரு பக்கம் கணுக்கால் அளவில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் குளம் அது. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் காற்றறைகள் இருக்கும். பெரிய விசிறிகள் அந்த அறைகளுக்குள் காற்றை மாற்றி மாற்றி அழுத்தி விடும்போது தண்ணீர் உந்தப்பட்டு அலையாகப் புறப்படும். அலை தொடங்கும் முன் சங்கு ஊதும். அதைக் கேட்டதும் ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் கூச்சலிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவார்கள். சில நிமிடம் அலை, பிறகு ஓய்வு. பருத்தி ஆடையின் நூல் வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடை கட்டாயம். இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும். கடலில் இறங்க அஞ்சும் பெண்களும், மெரினாவில் தடுப்புக் கட்டைக்கு இப்பால் நிறுத்தப்பட்ட குழந்தைகளும் இங்கேதான் முதன்முறையாக அலையில் முழுதாக நனைந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் சீட்டுக்கும் உடைக்கும் உணவுக்கும் சேர்த்துச் செலவிடும் தொகை, மெரினாவில் ஓர் ஆண்டுப் பயணங்களுக்குப் போதுமானது. வெளி உணவை உள்ளே விடாத வழக்கத்தால் கட்டுச்சோறும் வாசலோடு நின்றுபோனது.

பூங்காக்களின் இயந்திரங்கள் ஆபத்தையும் கொண்டுவந்தன. 2012இல் செம்பரம்பாக்கத்தை ஒட்டிய இன்னொரு பூங்காவில் ராட்டின விபத்தில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பூங்கா மூடப்பட்டு, பிறகு படப்பிடிப்புத் தளமானது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இந்த வளாகங்களுக்கு அருகில்தான் விரிந்து கிடக்கிறது: 24 அடி உயரம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும் கரையிலிருந்து நீர்ப்பரப்பைப் பார்க்கக் குடும்பங்கள் இருசக்கர வண்டிகளில் வருவது திருமழிசைப் பகுதியின் பழைய வழக்கம். மதகு திறக்கும் நாளில் கூட்டம் இன்னும் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்த வேடிக்கையில் அச்சமும் கலந்தது. வடமேற்கே 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கமும் இதேபோல ஒரு நாள் உலாவுக்கு ஏற்ற இடம்.

கடற்கரையின் பக்கம் அடி விழுந்தது 2004 டிசம்பர் 26 காலையில். ஆழிப்பேரலை மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களையும் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களையும் குப்பத்து மக்களையும் வாரிக்கொண்டுபோனது. பல மாதங்கள் மணலில் உட்காரவே குடும்பங்கள் அஞ்சின. மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் மூடியிருந்த கலங்கரை விளக்கம் 2013 நவம்பர் 14 அன்று குழந்தைகள் நாளில் திறக்கப்பட்டது; மின்தூக்கியில் ஏறிப்போய் நகரத்தையும் கடலையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை மணலில் போடப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் வாழ்நாளில் முதல்முறையாகக் கடலுக்கு அருகில் போய் நின்று கண்கலங்கினார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. மாநகராட்சி சீர்செய்து மீண்டும் திறந்தது. மெரினாவின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் செய்யப்பட்ட மிகச் சிறந்த செலவு இந்த மரப்பலகைகளுக்கானது.

கடலின் உட்புறம் குழந்தைகளுக்கு மறுபடி காணக் கிடைத்தது 2019இல், ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. நிறுவனம் திறந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில். தலைக்குமேல் திருக்கை மீன்கள் நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தில் நடந்து போகலாம். ஆனால் கட்டணம் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு எட்டாதது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ ரயில் பாதை அமைகிறது. அதைச் செம்பரம்பாக்கம், திருமழிசை வழியாகச் சுங்குவார்சத்திரம் நோக்கி நீட்டிக்கும் திட்டமும் அரசின் முன் இருக்கிறது.